மின்வாய் மேல் லிப்பிட் சவ்வு, சவ்வுக்குள் நொதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் உயிர்வேதியியலோ மின்வேதியியலோ படித்துவிட்டு, சவ்வு நொதிகளில் இறங்க நினைக்கும் மாணவர்கள், தங்க மின்வாயின்மேல் லிப்பிட் சவ்வைப் படரவிட்டு அதற்குள் நொதியை வைத்து அளக்கும் முறை பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எடுத்துக்காட்டு ஒன்று வேண்டும் என்பதால் ஈ.கோலை பாக்டீரியாவின் சைட்டோக்ரோம் பி-ஓ3 நொதியைப் பிடித்துக்கொள்வோம். யுபிகுவினாலிலிருந்து (சவ்வுக்குள் எலெக்ட்ரான் சுமக்கும் சிறு மூலக்கூறு; எலெக்ட்ரானைக் கொடுத்துவிட்டால் அதன் பெயர் யுபிகுவினோன், சுருக்கமாகக் குவினோன்) எலெக்ட்ரான்களை வாங்கி, அவற்றைக் கொண்டு ஆக்சிஜனைத் தண்ணீராக்கி, அதே வேகத்தில் புரோட்டான்களைச் சவ்வின் மறுபக்கம் தள்ளும் நொதி அது. நிறையப் பேர் வேலை செய்து பார்த்தது, நன்றாகத் தெரிந்தது.

நொதியை டிடர்ஜென்ட்டில் கரைத்து, ஒளி அளவீட்டுக்கான சிறு குப்பியான குவெட்டில் அளந்தால் ஆகாதா? எதற்கு இவ்வளவு மெனக்கெடல்?

அளக்கலாம், அளந்துகொண்டுதான் இருக்கிறார்கள். சிக்கல் யுபிகுவினோனில் இருக்கிறது. செல்லில் இருப்பது நீண்ட வால் கொண்ட வகை. தண்ணீரில் கரையவே கரையாது. குவெட்டில் அளப்பவர்கள் வால் குட்டையான மாற்று மூலக்கூறைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். சவ்வு, நொதி, நீண்ட வால் குவினோன் மூன்றும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்போது என்ன நடக்கிறது என்று அதில் தெரியாது. சவ்வைத் தங்கத்தின்மேல் படரவிட்டால், குவினோனுக்கு எலெக்ட்ரான் கொடுக்கும் வேலையை மின்வாயே செய்துவிடும். எத்தனை எலெக்ட்ரான் போனது என்பதை மின்னோட்டம் நேரடியாகச் சொல்லிவிடும். நொதியும் பிகோமோல் கணக்கில் இருந்தால் போதும்.

அடியிலிருந்து மேலாக என்னென்ன அடுக்குகள் இருக்கின்றன?

கண்ணாடிமேல் தங்கம். தங்கத்தின்மேல் இரண்டு தயோல்கள் (தங்கத்தோடு பிணையும் கந்தக நுனி கொண்ட மூலக்கூறுகள்) கலந்த ஒற்றை அடுக்கு. ஒன்று, நுனியில் கொலஸ்ட்ரால் கொண்ட நீண்ட தயோல். அந்தக் கொலஸ்ட்ரால், சவ்வின் இரண்டு லிப்பிட் அடுக்குகளில் (இலைகளில்) கீழ் உள்ளதற்குள் புகுந்து சவ்வைப் பிடித்துக்கொள்ளும். மற்றது மெர்காப்டோஹெக்சனால், குட்டை, நீர் விரும்பி. அது இருக்கும் இடங்களில் சவ்வுக்கும் தங்கத்துக்கும் நடுவே மெல்லிய நீர் இடைவெளி கிடைக்கும். நொதியின் அடிப்பகுதி நீட்டிக்கொண்டு நிற்க அந்த இடைவெளி தேவை. அதற்குமேல் சுமார் 5 நானோமீட்டர் தடிமனில் லிப்பிட் இரட்டை அடுக்கு, அதற்குள் குவினோனும் நொதியும்.

விலை குறைவு என்று ஆக்டாடெகேன்தயோல் அடுக்கின்மேல் ஒற்றை லிப்பிட் இலையை மட்டும் விரிக்கும் முறையும் உண்டு. சவ்வின் மேற்பரப்பில் ஒட்டும் புரதங்களுக்கு அது சரி. சவ்வை ஊடுருவி நிற்கும் நொதிக்கு அதில் கால் வைக்க இடமில்லை.

நகைக்கடைத் தங்கம் போதுமா?

போதாது. 916 என்றால் 91.6 சதவீதம்தான் தங்கம். மீதி செம்பும் வெள்ளியும். தயோல் அவற்றின்மேலும் ஒட்டும், ஆனால் சீராக ஒட்டாது. மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே மின்னோட்டத்தை அளக்கும் ஸ்கேனில் செம்பு ஆக்சிஜனேற்றம் பெற்று, நொதியால் எழும் மின்னோட்ட அலை வரவேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே தன் பீக்கை (மின்னோட்டக் கூர்முனையை) காட்டும். 99.99 சதவீதத் தூய்மை உள்ள துண்டை வாங்கி, வெற்றிட ஆவிப்படிவு வசதி உள்ள ஆய்வகத்தில் பூசிக்கொள்ளுங்கள்.

தங்கப் பரப்பைத் தயாரிப்பது எப்படி?

வழவழப்புதான் முக்கியம். மேடுபள்ளம் உள்ள பரப்பில் சவ்வு கிழிந்து கிழிந்துதான் படரும். எளிய வழி, உரித்தெடுக்கும் முறை. சிலிக்கன் வில்லையின்மேல் 150 நானோமீட்டர் தங்கம் பூசுங்கள். இடையில் குரோமியமோ டைட்டானியமோ ஒட்டுப்பூச்சு கூடாது, இருந்தால் உரியாது. தங்கத்தின்மேல் வெப்பத்தில் இறுகும் எபாக்சி ஒரு சொட்டு விட்டு, அதன்மேல் கண்ணாடித் துண்டை வையுங்கள். 120 டிகிரியில் 2 மணி நேரம். ஆறியபின் அப்படியே எடுத்து வைத்துவிடலாம், மாதக்கணக்கில் கெடாது. தேவைப்படும் அன்று பிளேடு நுனியால் கண்ணாடித் துண்டை நெம்பினால், சிலிக்கனைத் தொட்டுக்கொண்டிருந்த தங்க முகம் கண்ணாடியோடு சேர்ந்து வரும். அந்த முகம் சிலிக்கன் அளவுக்கே வழவழப்பு.

உரித்த உடனே தயோல் கரைசலில் போட்டுவிடுங்கள். டீ குடித்துவிட்டு வந்து போடலாம் என்றால், அதற்குள் காற்றிலுள்ள கரிமப் புகையெல்லாம் தங்கத்தில் படிந்திருக்கும்.

தயோல் கலவையின் அளவு என்ன?

ஐசோபுரோபனாலில் மொத்தத் தயோல் 1 மில்லிமோலார். தொடக்கத்துக்குக் கொலஸ்ட்ரால் தயோல் 0.11, மெர்காப்டோஹெக்சனால் 0.89 மில்லிமோலார் என்று வையுங்கள். சுமார் 16 மணி நேரம், மூடிய கண்ணாடிக் குப்பியில். கரைசலில் உள்ள விகிதம் அப்படியே பரப்பில் வராது. பரப்பில் கொலஸ்ட்ரால் பங்கு 60 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். கரைசல் விகிதத்தை அதற்கேற்பத் திருத்துங்கள். எடுத்ததும் ஐசோபுரோபனாலில் நன்றாகக் கழுவி, நைட்ரஜனில் உலர்த்துங்கள். பழைய தயோல் டைசல்ஃபைடாக மாறியிருக்கும். சிறு சிறு பங்காகப் பிரித்து மைனஸ் 20-இல் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

எங்கள் ஊர்த் தண்ணீர் கடினநீர். ஆர்.ஓ. தண்ணீர் ஆகுமா?

ஆகாது. நம் வட்டார நிலத்தடி நீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். குழாயில் படியும் வெள்ளை உப்பே சாட்சி. ஆர்.ஓ. அதைக் குறைக்கும், முழுக்க எடுக்காது. இந்த வேலையில் கால்சியம் வெறும் அசுத்தம் மட்டும் இல்லை, லிப்போசோமை (லிப்பிட் சவ்வாலான நுண்குமிழியை) உடைத்துச் சவ்வாக்கும் தூண்டுகோலே அதுதான். நீங்கள் சேர்க்கும் முன்பே பஃபரில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசலில்) அது இருந்தால், லிப்போசோம்கள் குழாயிலேயே கூடிக் கட்டியாகும். மின்தடை எண் 18.2 மெகாஓம்-செ.மீ. காட்டும் நீர்தான் வேண்டும். அந்த எண் அயனிகளை மட்டுமே பார்க்கும், கரிமப் பொருளைப் பார்க்காது என்பதையும் மறக்க வேண்டாம். கேட்ரிட்ஜ் காலாவதியான எந்திரம் 18.2 காட்டிக்கொண்டே கரிமத்தை விட்டுக்கொண்டிருக்கும்.

பஃபருக்கு 20 மில்லிமோலார் மாப்ஸ், 30 மில்லிமோலார் சோடியம் சல்ஃபேட், பி.எச். 7.4. சோடியம் குளோரைடைத் தவிர்ப்பதற்குக் காரணம், மின்னழுத்தம் நேர்மின் பக்கம் போகும்போது குளோரைடு தங்கத்தை அரிக்கும்.

நொதியை லிப்போசோமில் ஏற்றுவது எப்படி?

நேரத்தைத் தின்னும் கட்டம் இதுதான். அவசரப்பட்டால் பின்னால் வரும் எல்லாவற்றையும் கெடுக்கும்.

குளோரோஃபார்மில் கரைந்த ஈ.கோலை போலார் லிப்பிட் 5 மில்லிகிராம், அதோடு எடையில் 1 சதவீதம் யுபிகுவினோன்-10. கண்ணாடிக் குப்பியும் கண்ணாடி சிரிஞ்சும் மட்டும். பிளாஸ்டிக் டிப் குளோரோஃபார்மில் கரைந்து லிப்பிட்டோடு கலந்துவிடும். நைட்ரஜன் ஊதி உலர்த்தி, குறைந்தது 1 மணி நேரம் வெற்றிடத்தில் வையுங்கள். 1 மில்லிலிட்டர் பஃபர் ஊற்றிக் கலக்குங்கள். பால்போலக் கலங்கும், யுபிகுவினோனால் லேசாக மஞ்சள் தட்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான நொதியில்லாத கட்டுப்பாட்டு லிப்போசோம் என்றால், 200 நானோமீட்டர் வடிப்பான் வழியாக 11 முறை தள்ளுங்கள். ஒற்றைப்படை எண்ணுக்குக் காரணம் உண்டு: கடைசித் தள்ளலில் கரைசல் எதிர்ப்பக்க சிரிஞ்சில் முடியும், வடிப்பானில் நுழையாத கட்டிகள் முதல் பக்கத்திலேயே தங்கிவிடும்.

நொதி வேண்டிய குழாயில் ஆக்டைல் குளுகோசைடு என்ற டிடர்ஜென்ட்டைச் சேருங்கள், சுமார் 55 மில்லிமோலார் வரும்படி. கலங்கல் தெளிய வேண்டும். லிப்பிட் எடையில் 1 முதல் 2 சதவீதம் நொதி விட்டு, ஐஸில் 10 நிமிடம். பிறகு டிடர்ஜென்ட்டை உறிஞ்சும் பாலிஸ்டைரீன் மணிகளை 4 டிகிரியில் தவணை தவணையாகச் சேருங்கள்: 50 மில்லிகிராம் அரை மணி, இன்னொரு 50 ஒரு மணி, 100 ஒரு மணி, கடைசி 100 இரண்டு மணி. மணிகளை முன்கூட்டியே மெத்தனாலிலும் பிறகு நீரிலும் கழுவியிருக்க வேண்டும். கடைசியில் 12,000 ஜி விசையில் 5 நிமிடம் சுழற்றி, அடியில் தங்கும் கட்டியைத் தள்ளிவிடுங்கள்.

எல்லா மணியையும் ஒரே தடவையில் கொட்டினால் டிடர்ஜென்ட் சட்டென்று போய்விடும். லிப்பிட் நொதியைச் சுற்றி ஒழுங்காக மூடுமுன் நொதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மாறாக, மணி போதாமல் டிடர்ஜென்ட் மிஞ்சினால், சவ்வு படரும், ஆனால் ஒழுகும். குழாயைக் குலுக்கிப் பாருங்கள். நுரை நிற்கிறது என்றால் டிடர்ஜென்ட் இன்னும் இருக்கிறது.

சவ்வு உருவாகிவிட்டது என்று எப்படி நம்புவது?

மின்தேக்குத்திறனை அளந்து. வேறு எதையும் அதற்கு முன் அளக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

முதலில் தயோல் அடுக்கை மட்டும் வைத்து மின்மறுப்பு அளவீடு: 10 மில்லிவோல்ட் வீச்சு, 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து 0.1 ஹெர்ட்ஸ் வரை. பிறகு 0.5 மி.கி./மி.லி. லிப்போசோமும் 10 மில்லிமோலார் கால்சியம் குளோரைடும் சேர்த்து ஒரு மணி நேரம் விடுங்கள். பஃபரால் நன்கு கழுவி, 1 மில்லிமோலார் இ.டி.டி.ஏ. விட்டுக் கால்சியத்தை அகற்றி, மறுபடி கழுவி அளங்கள். அட்மிட்டன்ஸை (மின்மறுப்பின் தலைகீழை) கோண அதிர்வெண்ணாலும் பரப்பாலும் வகுத்து வரைந்தால் அரைவட்டம் கிடைக்கும். அதன் விட்டமே மின்தேக்குத்திறன். நல்ல இரட்டை அடுக்குக்கு அது சதுர செ.மீ.க்கு 1 மைக்ரோஃபாரடு அருகே வரும், தயோல் அடுக்குக்கு வந்ததைவிடத் தெளிவாகக் குறைந்திருக்கும்.

அரைவட்டம் சப்பையாகவோ, கீழ் அதிர்வெண்ணில் வால் நீண்டோ இருந்தால் சவ்வில் ஓட்டைகள் இருக்கின்றன. எண் குறையவே இல்லை என்றால் லிப்போசோம்கள் உடையாமல் முழுசாக உட்கார்ந்திருக்கக்கூடும். கொலஸ்ட்ரால் பங்கு மிகக் கூடினாலும் குறைந்தாலும் இப்படி ஆகும்.

சோம்பேறிச் சோதனை ஒன்றும் உண்டு. மின்தேக்குத்திறனை ஸ்கேன் வேகத்தால் பெருக்கினால் பின்புல மின்னோட்டம். கரைசல் தொடும் பரப்பை வரையறுக்கும் 6 மி.மீ. ரப்பர் வளையம் (ஓ-ரிங்) 0.28 சதுர செ.மீ. தங்கத்தை விடும். நொடிக்கு 100 மில்லிவோல்ட் வேகத்தில், குவினோன் பீக் இல்லாத இடத்தில் 28 நானோஆம்பியர் அளவில் இருக்க வேண்டும். 100 நானோஆம்பியர் காட்டினால் சவ்வு சரியில்லை, அல்லது ஓ-ரிங் ஒழுகி, நினைத்ததைவிட அதிகத் தங்கம் நனைந்திருக்கிறது. இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கும்.

ஸ்கேனில் பெரிய ஒடுக்க அலை வந்துவிட்டது. நொதி வேலை செய்கிறது என்று எழுதலாமா?

கொஞ்சம் பொறுங்கள். தங்கமே ஆக்சிஜனை ஒடுக்கும், அதாவது அதற்கு எலெக்ட்ரான் கொடுக்கும். தயோல் அதை எதிர்மின் பக்கம் தள்ளிப்போடும், அவ்வளவுதான், தடுத்துவிடாது. அலை எந்த வழியாக வந்தது என்று காட்ட நான்கு கட்டுப்பாடுகள் (ஒப்பீட்டுச் சோதனைகள்) வேண்டும். குவினோன் உண்டு, நொதி இல்லை: குவினோனின் இரண்டு பீக் மட்டும் தெரிய வேண்டும். நொதி உண்டு, குவினோன் இல்லை: அலை வரக்கூடாது. இரண்டும் உண்டு, ஆனால் நைட்ரஜன் ஊதி ஆக்சிஜனை விரட்டியாயிற்று: அலை அடங்கி, குவினோன் பீக் மட்டும் மிஞ்ச வேண்டும். கடைசியாக, தடுப்பான். இதில் எது தவறினாலும் முடிவை எழுத வேண்டாம். முதலாவதைத் தவிர்த்துவிட்டு நான்காவதை மட்டும் செய்பவர்கள்தான் அதிகம், கையைச் சுட்டுக்கொள்பவர்களும் அவர்களே.

குவினோன் பீக்குகள் இரண்டும் தள்ளித் தள்ளி நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எலெக்ட்ரான் தயோல் அடுக்கைத் தாண்டி வரவேண்டியிருப்பதால் மெதுவாகத்தான் வரும்.

காகிதத்தில் போடக்கூடிய கணக்கு ஒன்று. சதுர செ.மீ.க்கு 10 மைக்ரோஆம்பியர் என்றால் நொடிக்குச் சுமார் 6.2 × 10¹³ எலெக்ட்ரான். ஒரு நொதி நொடிக்கு 100 எலெக்ட்ரான் கடத்துவதாக வைத்தால், 6.2 × 10¹¹ நொதிகள், அதாவது 1 பிகோமோல். ஒவ்வொரு நொதிக்கும் 160 சதுர நானோமீட்டர் இடம். நெருக்கம்தான், ஆனால் நடக்கும். அதே கணக்கில் 100 மைக்ரோஆம்பியர் வந்தால் நொதிக்கு 16 சதுர நானோமீட்டர்தான் மிஞ்சும். 5 நானோமீட்டர் விட்டமுள்ள புரதத்துக்கே 20 வேண்டும். லிப்பிட்டுக்கு இடமே இல்லாத சவ்வு ஏது? அந்த அலை தங்கத்திலிருந்து வந்தது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

ஸ்கேன் எல்லையையும் கவனியுங்கள். வெள்ளி/வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்வாயை வைத்து, மைனஸ் 0.7 வோல்ட்டுக்குக் கீழே போக வேண்டாம், தயோல் கழன்றுவரும். மேற்பக்கம் பிளஸ் 0.5 போதும். அந்த ஒப்பீட்டு மின்வாயிலிருந்து குளோரைடு கசியும் என்பதால், நீண்ட அளவீட்டுக்குப் பாதரச சல்ஃபேட் வகை மேல். நிறைவுற்ற பொட்டாசியம் சல்ஃபேட்டில் அதன் மதிப்பு ஹைட்ரஜன் மின்வாயோடு ஒப்பிடச் சுமார் 0.65 வோல்ட்.

அக்னி நட்சத்திரத்தில் அளவு மாறுகிறதே?

மாறாமல் எப்படி இருக்கும்? மே மாதம் வேலூரில் வெளியே 40 தாண்டும், ஏசி இல்லாத அறை 36, 38-இல் நிற்கும். 25 டிகிரியில் காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் ஆக்சிஜன் சுமார் 0.26 மில்லிமோலார், 38-இல் 0.21 அளவுக்கு இறங்கிவிடும். நொதியோ 10 டிகிரிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் பிடிக்கும். இரண்டும் எதிரெதிர் திசையில் இழுப்பதால், காலை அளவையும் மதிய அளவையும் ஒரே வரைபடத்தில் போட முடியாது. பி.எச். ஒரு அலகு மாறினால் குவினோனின் மின்னழுத்தம் நகரும் அளவும் 25-இல் 59 மில்லிவோல்ட், 38-இல் 62.

லிப்பிட்டும் வெப்பநிலை பார்க்கும். டி.பி.பி.சி. என்ற லிப்பிட் 41 டிகிரியில் உருகும். அறை வெப்பநிலையில் அது விறைத்த ஜெல், மே மாத அறையிலோ உருகுநிலையின் வாசலில் நிற்கும். டி.எம்.பி.சி. 24-இல் மாறும்: ஏசி போட்டால் ஒன்று, நிறுத்தினால் இன்னொன்று. மைனஸ் 2-இல் உருகும் பி.ஓ.பி.சி.யோ, ஈ.கோலை லிப்பிட்டோ எடுத்தால் இந்த வம்பு இல்லை. அளக்கும் மின்வேதிக் கலத்தைச் சுற்றி நீர்க்குளியல் ஓடவிட்டு 25-இல் நிறுத்துங்கள். குளோரோஃபார்ம் குப்பியைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் லிப்பிட் செறிவு கூடிவிடும் என்பதும் வெயில் காலப் பாடம்தான்.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறினால் கோடு நடுங்குகிறது.

சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் அப்படித்தான். சைன் அலை யு.பி.எஸ். வேண்டும், அதுவும் மின்வாயிலிருந்து தள்ளி. வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் ஃபாரடே கூண்டுக்குப் பெரிய எவர்சில்வர் அண்டாவைக் கவிழ்த்தாலே போதும். ஒயர் நுழையத் துளை போட்டு, பொட்டென்ஷியோஸ்டாட்டின் (மின்னழுத்தம் கொடுத்து மின்னோட்டம் அளக்கும் கருவியின்) கிரவுண்டோடு மட்டும் இணையுங்கள். சுவர் எர்த்திலும் சேர்த்துக் கட்டினால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இன்னும் கூடும்.

தூய்மையாக்கிய நொதி எங்களிடம் இல்லை. ராணிப்பேட்டை மண்ணில் எடுத்த பாக்டீரியா இருக்கிறது, குரோமேட்டை ஒடுக்குகிறது. அதை வைக்கலாமா?

குரோமியக் கழிவு குவிந்து கிடக்கும் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். முதலில் செயல்பாடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். செல்லை உடைத்து, உடையாத செல்லை நீக்கி, 1,00,000 ஜி விசையில் ஒரு மணி நேரம் சுழற்றுங்கள். மேல் நீரில் செயல்பாடு இருந்தால் அது கரையும் நொதி. பல குரோமேட் ரிடக்டேஸ்கள் அப்படித்தான், அதற்குச் சவ்வு மின்வாய் தேவையில்லை. அடிப்படிவில் இருந்தால் மேலே போகலாம்.

தூய்மையாக்காமலே சவ்வுப் படிவை நேரடியாக ஈ.கோலை லிப்பிட்டோடு கலந்து, குவினோன் சேர்த்து, மின்வாயில் விரிக்கலாம். சைட்டோக்ரோம் பி-ஓ3-க்கு இந்த வழி வெற்றி தந்திருக்கிறது. சவ்வுப் படிவு மட்டும் என்றால் புரதம் மிகுந்து சரியாகப் படராது. லிப்பிட் கூடுதலாக இருக்கவேண்டும். குரோமேட் விஷயத்தில் ஒரு தொல்லை: அது வலுவான ஆக்சிஜனேற்றி, நொதி இல்லாமலே மின்வாயில் ஒடுங்கக்கூடும். கொதிக்கவைத்து நொதியைச் செயலிழக்கச் செய்த படிவு, வெறும் லிப்பிட் சவ்வு இரண்டையும் பக்கத்திலேயே ஓட்டுங்கள்.

புரோட்டான் தள்ளுவதையும் இதில் பார்க்க முடியுமா?

தட்டையான சவ்வில் கடினம். லிப்போசோமை உடைக்காமல் முழுசாக மின்வாயில் உட்காரவைத்து, உள்ளே பைரனீன் சாயத்தை அடைத்தால் முடியும். பைரனீனின் பி.கே.ஏ. (மூலக்கூறுகளில் பாதி புரோட்டானை இழந்திருக்கும் பி.எச்.) சுமார் 7.3, 450, 405 நானோமீட்டரில் தூண்டி, 510 அருகே வரும் ஒளியின் விகிதத்தைப் பார்த்தால் உட்புறப் பி.எச். தெரியும். 2015இல் லீட்ஸ் ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு இப்படி ஒற்றை நொதிகளைப் பார்த்து, சைட்டோக்ரோம் பி-ஓ3 அவ்வப்போது புரோட்டானை ஒழுகவிடும் நிலைக்குப் போகிறது என்று காட்டியது. ஆயிரக்கணக்கான நொதிகளின் சராசரியில் அது தெரிந்திருக்காது. நொதி எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பது இங்கே முக்கியம். மின்னோட்டத்துக்கு அது பொருட்டில்லை, பி.எச். ஏறுமா இறங்குமா என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

தடுப்பானாகச் சயனைடுதான் போட வேண்டுமா?

வேண்டாம் என்பதே எங்கள் பதில். பி.எச். 7.4-இல் சயனைடு பெரும்பாலும் ஹைட்ரஜன் சயனைடாக இருக்கும்; அதன் பி.கே.ஏ. 9.2. அதில் நைட்ரஜன் ஊதினால் விஷவாயுவை அறைக்குள் ஊதுகிறீர்கள் என்று பொருள். குவினால் தளத்தைத் தடுக்கும் ஹெப்டைல்-ஹைட்ராக்சிகுவினோலின்-என்-ஆக்சைடை மைக்ரோமோலார் அளவில் போடலாம். எத்தனாலில் கரைத்திருந்தால், அதே அளவு எத்தனாலை மட்டும் விட்ட கட்டுப்பாடும் வேண்டும்; எத்தனால் சவ்வையே இளக்கும். சயனைடு போட்டே தீரவேண்டிய ஆய்வு என்றால், ஃபியூம் ஹூட், காரத்தில் வைத்த கரைசல், தனிக் கழிவுப் புட்டி, கூட ஒரு ஆள். அமிலக் கழிவுப் புட்டி அந்தப் பக்கமே வரக்கூடாது.

ஒரே தங்கத் துண்டைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாமா?

உரித்த தங்கத்தை முடியாது. கழுவும் கரைசல் எபாக்சியைத் தாக்கும், வழவழப்பும் போகும். ஒரு வில்லையில் பத்துப் பன்னிரண்டு துண்டு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். தடித்த தங்க வட்டு மின்வாயை அலுமினாத் தூளில் தேய்த்து மீண்டும் எடுக்கலாம், ஆனால் அதன் சொரசொரப்பில் இரட்டை அடுக்கின் மின்தேக்குத்திறன் 1 மைக்ரோஃபாரடுக்கு இறங்காது. லிப்போசோமை உடைக்காமல் ஒட்டும் சோதனைகளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.